பணம் போய்விட்டது, ஆர்டர் எங்கே? இணைய அங்காடி நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து வணக்கம்.

தீபாவளிச் சலுகை வாரத்தில் எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயும் ஆர்டர்கள் ரத்தானது உங்களுக்குத் தெரியும். அத்தனை புகார்களும் உங்களிடம்தான் வந்தன. அதனால் அதை விரிவாகத் திரும்பச் சொல்லவில்லை. எங்கே பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

கூடையில் ஒரு சேலையும் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டையும் சேர்த்தாயிற்று. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் கட்டும் எஃப்பிஎக்ஸ் இணைய முறை வழியாகக் கட்ட வங்கியைத் தேர்ந்தெடுத்தால், உலாவி வங்கிப் பக்கத்துக்குப் போகிறது. முன்பெல்லாம் குறுஞ்செய்தியில் டேக் எண் என்னும் ஒருமுறைக் கடவு எண் வரும், அதே திரையில் தட்டினால் முடிந்தது. மோசடிகள் பெருகியதால் 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்த முறையைக் கைவிடும்படி வங்கிகளுக்குச் சொன்னது. இப்போது வங்கிச் செயலியைத் திறந்து அங்கே ஒப்புதல் தர வேண்டும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

செயலிக்குப் போன அந்த அரை நிமிடத்தில், நினைவகம் குறைந்த கைப்பேசி பின்னால் கிடக்கும் உலாவியை மூடிவிடுகிறது. செம்பனைக்கு நடுவே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான். ஒப்புதல் எப்படியோ வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் உங்கள் பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது. கூடை காலி. வங்கிக் கணக்கில் 180 ரிங்கிட் குறைந்திருக்கிறது. உங்கள் பக்கத்திலோ "பணம் செலுத்தப்படவில்லை" என்று சிவப்பு எழுத்து. சற்று நேரத்தில் ஆர்டர் தானாக ரத்தாகிறது. சேலை தீர்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் மறுபடியும் பணம் கட்டியவர்கள் உண்டு.

எஃப்பிஎக்ஸ் முடிவை இரண்டு வழிகளில் தெரிவிக்கிறது. ஒன்று வாங்குபவரின் உலாவி வழியாக வருவது. மற்றொன்று உங்கள் சர்வருக்கு நேராக வருவது. நடப்பதைப் பார்த்தால் நீங்கள் முதலாவதை மட்டுமே நம்பியிருக்கிறீர்கள். கைப்பேசித் திரை உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்தால்தான் ஆர்டர் உறுதி என்று வைத்திருக்கிறீர்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான்: பணம் வந்துவிட்டது என்று வங்கி சொன்னால் ஆர்டரை உறுதி செய்யுங்கள், திரைக்காகக் காத்திருக்காதீர்கள்.

சர்வருக்கும் தகவல் வரவில்லை என்றால், ரத்து செய்வதற்கு முன் எஃப்பிஎக்ஸிடம் நிலவரம் கேளுங்கள். அதற்கு வசதி இருக்கிறது. பதில் தெரியும்வரை "மீண்டும் செலுத்து" பொத்தானைக் காட்டாதீர்கள். கூடையை உலாவியில் வைக்காமல் வாங்குபவரின் கணக்கில் வையுங்கள். வங்கிப் பக்கத்துக்கு அனுப்பும் முன்பே ஆர்டர் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுங்கள். புகார் செய்ய எங்கள் கையில் அந்த எண்ணாவது இருக்கட்டும்.

பணத்தைத் திருப்பித் தர 14 வேலை நாள் என்கிறீர்கள். சனி, ஞாயிறு சேர்த்தால் ஏறக்குறைய மூன்று வாரம். தோட்டத்தில் சம்பளம் மறு மாதம் ஏழாம் தேதிக்குள் வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் 180 ரிங்கிட் மூன்று வாரம் முடங்கினால், அந்த மாத மளிகைக் கணக்கிலேயே துண்டு விழுகிறது. பண்டிகை முடிந்து வரும் பணத்தால் பண்டிகைச் சேலை வாங்க முடியாது. இது உங்கள் நிரல் தவறு. அதன் விலையை நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

சொல்ல வந்ததோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் படிவத்தில் எங்கள் பெயரை எழுத முடியவில்லை. மலேசியத் தமிழர்களில் மிகப் பலரின் அடையாளக் கார்டில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே "ஏ/எல்" (மகன்) அல்லது "ஏ/பி" (மகள்) இருக்கும். சாய்கோட்டைப் போட்டால் "தவறான எழுத்து" என்று படிவம் நிற்கிறது. குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால் தந்தை பெயரை அங்கே போட வேண்டியிருக்கிறது. பிறகு மகளுக்கு வரும் மின்னஞ்சல் தந்தையின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறது. கூரியர் அலுவலகத்தில் பொட்டலம் எடுக்கப் போனால், கார்டில் உள்ள பெயரும் பொட்டலத்தில் உள்ள பெயரும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்கிறார்கள். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும். சாய்கோட்டையும், மறுபெயரைக் குறிக்கும் "@" குறியையும் அது ஏற்க வேண்டும்.

முகவரியும் அப்படித்தான். 31100 என்ற ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் பல தோட்டங்கள் அடங்குகின்றன. தோட்டப் பெயர், டிவிஷன், லயம், வீட்டு எண் எல்லாம் எழுத உங்கள் முகவரிக் கட்டம் போதாமல் பாதியில் வெட்டுப்படுகிறது. "ஜாகாவிடம் (காவலாளியிடம்) கொடுக்கவும்" என்று கூரியர்காரருக்கு எழுத ஒரு குறிப்புக் கட்டம் கொடுங்கள்.

அனுப்பும் கட்டணத்தைக் கடைசித் திரையில் காட்டுவதையும் மாற்றுங்கள். போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலையையும் தெரிவிக்க வேண்டும், உறுதி செய்யும் முன் பிழை திருத்த வழி தர வேண்டும் என்று 2012-இல் வந்த மின்வணிக விதிமுறைகளே சொல்லிவிட்டன.

கோபத்தில் சொற்கள் சற்று நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையை விட்டுப் போக நினைத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். மற்றவை மெல்ல வரட்டும், முதல் வேண்டுகோளை மட்டும் பொங்கல் விற்பனைக்கு முன் நிறைவேற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: பணம் வந்துவிட்டது என்று வங்கி சொன்னால் ஆர்டரை உறுதி செய்யுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்ப்பது எளிது. விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் ஆர்டர் போடுங்கள், வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுங்கள், உடனே உலாவியை மூடிவிடுங்கள். அதன் பிறகும் ஆர்டர் உறுதியானதாகக் குறுஞ்செய்தி வர வேண்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் தோட்டப்புற வாடிக்கையாளர்கள்