மரத்தின் பெயருக்கும் ஒரு கட்டம் வையுங்கள்

வட்டார வண்டுப் பதிவேடுகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன: இனம், இடம், தேதி, பார்த்தவர் பெயர். ஐந்தாவதாக ஒன்று கேட்டுத்தான் இந்த மடல். எந்த மரம், அது எந்த நிலையில் இருந்தது என்று எழுத ஓர் இடம் வேண்டும்.

நீண்ட உணர்கொம்புகள் கொண்ட நீள்கொம்பு வண்டைப் பொறுத்தவரை, நம் கண்ணில் படுவது அதன் வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்கள்தான். அதற்கு முந்தைய காலமெல்லாம் மரத்துக்குள் புழுவாகக் கழிகிறது. பறந்து வந்து உட்கார்ந்த இடத்தை அதன் வாழிடம் என்று எழுதினால், பேருந்து நிலையத்தில் பார்த்தவருக்கு அதையே வீட்டு முகவரியாகப் போட்ட கதைதான்.

ஐரோப்பிய மலைக்காடுகளின் ரோசாலியா ஆல்பினா என்ற நீள்கொம்பு வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் கலந்த நீல உடம்பு, அதில் கரும்புள்ளிகள், உணர்கொம்பின் கணுக்களில் கறுப்பு மயிர்க்குஞ்சம். ஒருமுறை படத்தில் பார்த்தாலே மறக்காது. 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்த இனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடச் சட்டத்தில் பாதுகாப்புப் பெற்றது. இதன் புழு பெரும்பாலும் பட்டுப்போன பீச் (beech, பழம் தரும் peach அல்ல) மரத்தில் வளர்கிறது. அதுவும் வெயில் படும் மரமாக இருந்தால்தான் இதற்குப் பிடிக்கும். வண்டாக வெளியே வர மூன்று ஆண்டுகள்கூட ஆகும்.

சிக்கல் இங்கேதான். வெட்டிப் பாதையோரம் அடுக்கிய பீச் கட்டைகளும் வெயிலில் காயும் பட்ட மரங்கள்தானே? தாய் வண்டு அங்கே வந்து முட்டையிடுகிறது. அப்புறம் லாரி வருகிறது. முட்டையும் புழுவும் கட்டையோடு போய் விறகாகின்றன. அந்த அடுக்கின் மேல் பத்து வண்டுகளைப் பார்த்தவர் மகிழ்ச்சியோடு பதிவு செய்வார். வரைபடத்தில் பத்துப் புள்ளிகள் விழும். "இங்கே நிறைய இருக்கிறது" என்று படிப்போம். உண்மையில் அது ஒரு பொறி. கட்டை அடுக்கா, நின்றபடி பட்ட மரமா என்ற ஒரு சொல் இருந்திருந்தால் போதும்.

மரத்தின் நிலையைக் கேட்பதற்கு இன்னொரு காரணம், எல்லா நீள்கொம்பு வண்டும் பட்ட மரத்தைத் தேடுவதில்லை. ஆசிய நீள்கொம்பு வண்டு உயிருள்ள மேப்பிள் மரத்தைத் துளைத்துக் கொல்லும். 1996இல் அது நியூயார்க்கின் புரூக்ளினில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வண்டு கடல் தாண்டியது சரக்குப் பெட்டிகளுக்கான மரச்சட்டங்களுக்குள் இருந்துதான். ஒரே குடும்பம், ஒன்றைக் காக்க வேண்டும், இன்னொன்றைத் தடுக்க வேண்டும்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு விளக்கில் விழுந்த ஒரு பெரிய வண்டை, பக்கத்தில் காடு இருந்ததால் காட்டு வண்டு என்று எழுதி அனுப்பினேன். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் பலகைகள் அடுக்கியிருந்ததை எழுதவில்லை. இன்றுவரை அந்தப் பதிவை யாரும் கேள்வி கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

சரி, வண்டே கிடைக்காத மாதங்களில் என்ன செய்வது? துளையைத் தேடலாம். வண்டு வெளியேறிய ஓட்டை மரத்தில் பல ஆண்டுகள் நிற்கும். புதியது என்றால் உட்புறம் மரத்தின் நிறம் வெளிறித் தெரியும். பழையது சாம்பல் பூத்திருக்கும். பல இனங்கள் ஒரே மாதிரித் துளையிடுவதால் துளையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது. ஆனால் மரத்தின் பெயரும் துளையின் அகலமும் சேர்ந்தால் சந்தேகப் பட்டியல் சுருங்கும். தயவுசெய்து புழுவைப் பார்க்கும் ஆசையில் பட்ட மரத்தைப் பிளக்காதீர்கள். பதிவு கிடைக்கும், வீடு போய்விடும்.

தேடியும் கிடைக்காத நாட்களையும் அனுப்பச் சொல்லுங்கள். இப்போதைய வரைபடத்தில் புள்ளிகள் சாலையோரமாகவே ஓடுகின்றன. அது வண்டின் வழியல்ல, நம் வண்டிகளின் வழி.

படிவத்தை மாற்ற நாளாகும் என்றால், அதுவரை குறிப்புகள் பகுதியில் "மரம்:" என்று ஒரு சொல்லை அச்சிட்டு வைத்தாலே நாங்கள் நிரப்பிவிடுவோம்.

அன்புடன்,
உங்களுக்குப் பதிவு அனுப்பும் ஒருவர்