கண்தானத்துக்குக் கண்புரை தடையல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

"அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சர்க்கரையும் உண்டு. அவர் கண்ணை எடுத்து என்ன பயன்?" துக்க வீட்டில் கண்தானம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது.

புரை விழுவது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில். இன்னொருவருக்குப் பொருத்துவதோ, கண்ணின் முன்புறத்தை வாட்ச் கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியாவை. இரண்டும் வேறு வேறு. கார்னியாவின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒளியைக் குவிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை அதனுடையது. அதில் ரத்தக் குழாயே கிடையாது. ஆக்சிஜனைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது.

கண்ணாடி போட்டவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், வயதானவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்ஐவி போன்ற தொற்று இருந்தவர்களிடம் எடுப்பதில்லை. முகமும் விகாரமாகாது.

நேரம்தான் முக்கியம். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். ஃபேனை மறக்காமல் நிறுத்திவிடுங்கள். காற்றில் கார்னியா காய்ந்துவிடும்.

தங்கள் நாளிதழின் இரங்கல் விளம்பரப் பக்கத்தில் அந்தந்த ஊர்க் கண் வங்கியின் தொலைபேசி எண்ணைத் தினமும் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், திண்டுக்கல்