ஒன்றை மீட்க இன்னொன்றை விற்ற கணக்கு: அமெரிக்கக் கலைக்கூட அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க யதார்த்த ஓவியர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும் படித்தும் வருகிறவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். உங்கள் பொறுப்பில் உள்ள படங்களை விற்கச் சட்டம் இடம் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் மனக்குறை விற்கும் முறையைப் பற்றியது.

தாமஸ் ஈக்கின்ஸ் 1875-இல் வரைந்த ‘கிராஸ் கிளினிக்’ எட்டடி உயரமுள்ள ஓவியம். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி அரங்கில், டாக்டர் சாமுவேல் கிராஸ் கறுப்புக் கோட்டுடன் மாணவர்கள் பக்கம் திரும்பி நிற்கிறார். கத்தி பிடித்த விரல்களில் ரத்தம் ஈரமாக மின்னுகிறது. நோயாளியின் முகம் மயக்கமருந்துத் துணிக்கு அடியில் மறைந்துவிட, நம் கண்ணில் படுவதெல்லாம் பிளந்த தொடையும், கழற்றாமல் விட்ட காலுறைகளும்தான். எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அந்தக் காலுறைகளுக்கே போகும். இலவச சிகிச்சைக்கு வந்த அந்த ஏழை, காலையில் அவற்றை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்டவர் என்பதைப் படத்தில் வேறு எதுவும் நமக்குச் சொல்வதில்லை.

1876-இல் அதே நகரில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைப்பிரிவு இப்படத்தை ஏற்க மறுத்தது. ஈக்கின்ஸின் வேறு படங்களை ஏற்றவர்களுக்கு இந்த ரத்தம் மட்டும் பொறுக்கவில்லை போலும். கடைசியில் ராணுவ மருத்துவமனை மாதிரிக்கூடத்தில், கட்டில்களுக்கு நடுவே அதை மாட்டினார்கள். 1878-இல் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் 200 டாலருக்கு அதை வாங்கித் தங்கள் கல்லூரிக்கே கொடுத்தார்கள்.

அந்த 200 டாலர் படத்தை 6.8 கோடி டாலருக்கு விற்கப்போவதாக 2006 நவம்பரில் கல்லூரித் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடமும் ஆர்கன்சாவில் உருவாகிக்கொண்டிருந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகமும் சேர்ந்து வாங்குவதாக ஏற்பாடு. அதே தொகையைத் திரட்ட நகரத்துக்குக் கிடைத்த அவகாசம் 45 நாட்கள். நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்த படத்துக்கு ஒன்றரை மாதத் தவணை! பிலடெல்பியா கலை அருங்காட்சியகமும் பென்சில்வேனியா நுண்கலை அகாதெமியும் கைகோத்து, நன்கொடையும் கடனுமாக ஒப்பேற்றிப் படத்தை நகரிலேயே தக்கவைத்தன. அதற்காக அவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் பட்ட கடனை அடைக்க வேண்டுமே. அகாதெமி, ஈக்கின்ஸ் 1896-இல் வரைந்த ‘செல்லோ வாசிப்பவர்’ ஓவியத்தை விற்றது. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. செல்லோ என்ற பெரிய நரம்பிசைக் கருவியின் வில்லின் மேல் முழுக் கவனத்தையும் வைத்து அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர் ருடால்ஃப் ஹென்னிக்கின் அந்த உருவம் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகன்றுபோயிற்று. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. பெண் மாணவியரும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை அகற்றியதற்காக 1886-இல், அங்கே ஆசிரியராக இருந்த ஈக்கின்ஸைப் பதவி விலக வைத்தது இதே அகாதெமிதான். பத்தாண்டுகள் கழித்து அவரிடமே காசு கொடுத்து வாங்கிய படம் அது. ஒருவகையில் மன்னிப்புக் கேட்டதற்குச் சமமான அந்தக் கொள்முதலை விற்பனைப் பட்டியலில் சேர்க்கும்போது, யாராவது ஒருவர் தயங்கியிருக்க வேண்டாமா?

ஈக்கின்ஸிடம் பயின்ற ஹென்றி ஒசாவா டானரின் ‘பாஞ்சோ பாடம்’ (1893), கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹாம்ப்டன் கல்வி நிறுவனத்துக்கு அன்பளிப்பாக வந்து, இன்றும் அங்கேயே இருக்கிறது. மடியில் சாய்ந்து நரம்பு மீட்டும் சிறுவனையும் தாத்தாவையும் அங்குள்ள மாணவர்கள் பார்ப்பதற்கும், ஒரு கோடீஸ்வரர் தம் வரவேற்பறையில் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய படத்தை விற்க முடிவெடுத்தால், அது இருக்கும் ஊருக்கு ஓராண்டாவது அவகாசம் கொடுங்கள். தனியாருக்கு விற்கத்தான் வேண்டுமென்றால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுக் காட்சிக்கு இரவல் தரவேண்டும் என்ற நிபந்தனையை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ‘செல்லோ வாசிப்பவர்’ விஷயத்தில் காலம் கடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். வாங்கியவர் யாரென்று விற்றவர்களுக்குத் தெரியும். ஒரு பருவத்துக்கேனும் அதை இரவலாகத் தருமாறு அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ரசிகன்