ஊரார் இரத்தத்தில் பிழைத்த என் மகள்

முக்கூடல் ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணாச்சிமாருக்கும், அக்காமாருக்கும், பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் நான் எழுதுகிறேன். மாசி பிறந்ததும் என் மகள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டாள். பார்க்க வந்த உங்களை வாசலோடு அனுப்ப வேண்டியதாயிற்று. அவளை இன்னும் சில மாதம் எந்தத் தொற்றும் அண்டக் கூடாது. மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன ஆடியில், எங்கும் இடிக்காமலே அவள் காலில் நீலத் திட்டுகள் விழுந்தன. பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசிந்தது. பாளையங்கோட்டையில் சோதித்தபோது, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்), 1.5 லட்சத்துக்குக் குறையக் கூடாதது, 8,000 தான் இருந்தது. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஏபிளாஸ்டிக் அனீமியா' என்றார்கள்.

இரத்தம் நெஞ்சில் ஊறுகிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் அதற்கு நாற்றங்கால் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அங்குள்ள குருத்தணுக்களிலிருந்தே பிறக்கின்றன. நல்ல உடம்பில் ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உண்டாகின்றனவாம். என் மகளின் எலும்புக்குள் அந்த நாற்றங்கால் தரிசாகி, பெரும்பாலும் கொழுப்பே மிஞ்சியிருந்தது.

"என்னிடமிருந்து எடுங்கள்" என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்றுவிட்டார். பின்னால் அவள் தம்பியின் மஜ்ஜையை அவளுக்கு வைக்க நேர்ந்தால், முன்பே ஏறிய குடும்பத்து இரத்தத்தால் அவள் உடம்பு எங்கள் அணுக்களை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகியிருக்கும். மஜ்ஜை ஒட்டாமல் போகலாம். பெற்றவன் இரத்தம் ஆகாது, ஊரார் இரத்தம்தான் ஆகும் என்று கேட்ட அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

அதிலும் தட்டணுவைச் சேர்த்து வைக்க வழியில்லை. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். ஏற்றியதும் சில நாளில் தீர்ந்துவிடும். ஆகவே வாரம் இரண்டு முறை புதிதாகக் கொடுக்க ஆள் வேண்டும். ஏழு வாரம் நீங்கள் வந்தீர்கள். வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஊசி குத்திய கையோடு ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தீர்கள். அந்த ஏழு வாரமும் உங்கள் எலும்புகள்தான் என் மகளுக்காக உழைத்தன.

பீடி சுற்றும் அக்காமார் மூன்று பேர் வந்தார்கள். ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுநாள் தன் மகனை அனுப்பினார். உங்களுக்கும் என் நன்றி, அக்கா. தயவு செய்து உங்கள் உடம்பையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். சீட்டுப் பணத்தை முன்னதாகவே எடுத்துக் கொடுத்த மதினிமாருக்கும், வழிச்செலவுக்கு என் பையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போன அண்ணாச்சிக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவர் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்புதான். எங்கள் பத்து வயதுப் பையன் பொருந்தினான். மயக்கம் கொடுத்து அவன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். இரண்டாம் நாள் எழுந்து நடந்தான். அதை அவளுக்கு இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றினார்கள். எலும்புக்குப் போகும் வழியை அந்த அணுக்களே கண்டுகொள்கின்றன! பத்தொன்பதாம் நாள் வெள்ளையணு தலைகாட்டியது. பி பாசிட்டிவாகப் பிறந்தவள் இப்போது தம்பியைப் போல ஓ பாசிட்டிவாக மாறி வருகிறாள்.

பேட்டையிலிருந்து மூன்று முறை வந்த கல்லூரித் தம்பிக்கு ஒரு வார்த்தை. கொடுத்து முடித்ததும் பரீட்சை என்று ஓடிவிட்டாய். பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. உனக்கென்று வெள்ளைச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியாததால் கத்தரி வைக்கவில்லை. ஒருநாள் கடைக்கு வா.