வேன் பில்லில் ‘கேரள வரி’: ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, தென்காசியிலிருந்து வணக்கம்.

கார்த்திகையில் சபரிமலைக்கு நம்ம வேனில் போய்வந்த ஒரு குழுவின் பில், பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் ‘கேரள வரி’ என்று போட்டிருந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, “ரோடு டேக்ஸ் கட்டின வண்டிக்கு இன்னொரு டேக்ஸா? அண்ணாச்சி பாக்கெட்டுக்குப் போகுது” என்று எழுதியிருக்கிறார்கள். டீசல் செலவு ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தச் சொல்லைப் பொறுக்க முடியவில்லை.

உங்கள் சொந்தக் காருக்கு வாங்கும்போதே ஆயுள் வரி கட்டிவிடுகிறீர்கள். மஞ்சள் போர்டு வேனுக்கு அப்படி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும். வண்டி ஓடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால், ஷெட்டில் சும்மா நின்றாலும் வரி உண்டு. 7 வருடம் தாண்டினால் பசுமை வரி வேறு. 8 வருடம் தாண்டியதும் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, வருடா வருடம். இதெல்லாம் தமிழ்நாட்டுக்கு. எல்லையில் இருக்கும் புளியரை தாண்டி ஆரியங்காவுக்குள் போனால் கேரளா தன் வரியைத் தனியாகக் கேட்கும். அந்தக் குழு போன ராத்திரி டிரைவர் புளியரை டீக்கடை வாசலில் நின்று, பரிவாகன் என்ற அரசு வாகன இணையதளத்தில் போனிலேயே கட்டினார். வண்டி நம்பர், தேதி, தொகை எல்லாம் ரசீதில் இருக்கிறது. அதே தொகைதான் பில்லிலும். ஒரு ரூபாய் கூடுதல் இல்லை.

“இவ்வளவு கட்டியும் ரோடு ஏன் குண்டும் குழியுமா இருக்கு?” என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1974 வாகன வரிச் சட்டப்படி தமிழ்நாட்டில் நாங்கள் கட்டும் வாகன வரி அரசின் பொதுக் கருவூலத்தில் சேருகிறது. அது அப்படியே ரோட்டுக்குப் போவதில்லை. வாத்தியார் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து, ரோடு எல்லாம் அங்கிருந்துதான். ரோட்டையும் மற்ற கட்டமைப்பையும் சொல்லி மத்திய அரசு வாங்கும் செஸ் டீசல் விலைக்குள் இருக்கிறது. டோல் அதற்கும் மேலே. ஒரே சக்கரத்துக்கு மூன்று இடத்தில் காசு கொடுக்கிறோம். வண்டி வைத்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கும் இதில் வருத்தம் உண்டு.

எங்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. போனில் வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கும் பேட்டாவும் மட்டும் சொன்னோம், கேரள வரியைச் சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி அட்வான்ஸ் சீட்டிலேயே அது எழுதியிருக்கும், ரசீதும் பில்லோடு வரும்.

இந்தப் பேச்சு ஓடிய நாட்களிலும் “அண்ணாச்சி, நீங்க கவலைப்படாதீங்க” என்று கடைக்கே வந்து சொல்லி, தை மாதப் பயணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துப் போனவர்கள் உண்டு. கல்யாணம், காதுகுத்து, மொட்டை என்று இருபது வருடமாக நம்ம வண்டியையே கூப்பிடுகிற குடும்பங்கள் அவை. அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அப்புறம், வரும் ஒன்றாம் தேதி முதல் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் கூடுகிறது. ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய வாடகைதான்.

ரசீது ஃபைல் மேசை மேலேயே இருக்கிறது. அந்த பில்லைப் பகிர்ந்தவரும் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வேன்காரர்