அழைக்காமல் வரலாம்

ரீகா
மே 24

அன்புள்ள அருளப்பா,

நான் நலம். உங்கள் அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

முந்தாநாள் எனக்கு இங்கே பெயர் நாள். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

நம் தினசரி காலண்டரில் ராகுகாலம் போட்டிருக்குமே, அந்த மாதிரி லாத்வியாவில் ஒவ்வொரு தேதியிலும் சில பெயர்களை அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்று 'வார்டா டியெனா'. பிறந்த நாளுக்குக் கூப்பிட்டால்தான் போவார்கள். பெயர் நாளுக்கு அழைப்பே கிடையாது. தேதிதான் ஊருக்கே தெரியுமே! கேக்கும் காப்பியும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். வயதையும் யாரும் கேட்பதில்லை.

முத்துக்குமாரசாமிக்கு அந்தக் காலண்டரில் ஏது இடம் என்கிறாயா? இடம் கிடைக்காத பெயர்களுக்கென்றே மே 22-ஐ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் போனால் என் மேசையில் ஐந்து டூலிப். எண்ணித்தான் தருவார்கள், ஒற்றைப்படையில். இரட்டைப்படை இழவு வீட்டுக்கு. பக்கத்து மேசை அம்மாள் "முட்டு... குமா..." வரைக்கும் வந்து, முடியாமல் சிரித்துக் கையைக் குலுக்கினார்.

என் பிறந்த நாள் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாராகப் பார்த்துப் போட்ட ஜூன் 1. அம்மாவுக்குத் தெரிந்தது ஐப்பசி, பூச நட்சத்திரம், அன்றைக்கு அடைமழை, அவ்வளவுதான். ஜூன் 1-ல் கேக் வெட்டச் சொல்லும்போதெல்லாம் யாருடைய கேக்கையோ தின்கிற மாதிரி இருக்கும். இந்த ஐந்து பூவில் அந்த உறுத்தல் இல்லை.

ஆனால் உன் நாளுக்கு முன்னால் என் நாளெல்லாம் எம்மாத்திரம்! ஜூன் 24 இங்கே யானிஸ் நாள். யானிஸ் என்றால் உங்கள் அருளப்பர்தான், ஏசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே யோவான். முந்தின நாளும் சேர்த்து நாட்டுக்கே விடுமுறை. ஆண்கள் தலையில் ஓக் இலை வளையம், பெண்கள் தலையில் பூ வளையம், பீர், சீரகம் மாதிரி ஒன்றைப் போட்ட சீஸ், விடிய விடிய நெருப்பு. விடிய விடிய என்றால் என்ன, அப்போது இங்கே சரியாக இருட்டுவதே இல்லை.

புனிதர்களுக்குப் பெரும்பாலும் இறந்த நாளில்தான் திருநாள், அருளப்பருக்குப் பிறந்த நாளிலேயே வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் அம்மா பெருமையாகச் சொல்வார்களே! பூசை முடிந்து வந்ததும் சூடாக அதிரசம் கிடைக்கும். நானும் கூப்பிடாமலேதான் வந்து நிற்பேன்.

24 அன்று போன் செய்கிறேன். அதிரசம் சுட்டால் படம் மட்டும் அனுப்பாதே.

அன்புடன்,
முத்துக்குமாரசாமி