கதவு திறக்கும் நேரம் பார்த்துப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

நவம்பர் முதல் வாரத்தில் தோழிகள் இருவரோடு கேம்பிரிட்ஜ் போகப்போவதாக எழுதியிருந்தாய். "யூனிவர்சிட்டி கேட் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாயே, அங்கிருந்தே தொடங்குகிறேன். அப்படி ஒரு கேட் கிடையாது. 1209-இல் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுச்சுவரும் இல்லை. ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும் 31 கல்லூரிகள்தான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், தனி நேரம், தனிக் கட்டணம். ஒன்று திறந்திருந்தால் பக்கத்தில் இருப்பதும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடாதே. காலையில் போய் நின்று 'பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்புகிறவர்கள் பாதி நாளைச் சாத்திய கதவுகளுக்கு முன்னால்தான் கழிக்கிறார்கள்.

கதவு சாத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கட்டடங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள படிக்கட்டுகளின் கீழே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் இருக்கும். அவை மேலே குடியிருப்பவர்களின் பெயர்கள். அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. கல்பாவிய பாதை, சேப்பல் (கல்லூரியின் வழிபாட்டுக்கூடம்), அனுமதி இருந்தால் நூலகம், இவ்வளவுதான் நமக்கு. புல்தரை பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் ஃபெல்லோக்களுக்கு, அதாவது மூத்த அறிஞர்களான உறுப்பினர்களுக்கு மட்டும். குறுக்கே நடந்தால் போர்ட்டர் வந்து நிறுத்துவார். போர்ட்டர் என்றால் மூட்டை தூக்குபவர் இல்லை, வாசலையும் கல்லூரியையும் பார்த்துக்கொள்பவர். முதலில் வணக்கம் சொல்லிவிட்டு அவரிடம் கேட்டால் பலகையில் எழுதாத தகவலும் கிடைக்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மைக்கல்மஸ் என்ற முதல் கல்விப் பருவம். வகுப்பும் நடக்கும், சேப்பல்களில் பாட்டும் இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை தேர்வுக்காலம். அப்போது பல கல்லூரிகள் வெளியாட்களை உள்ளே விடாது. ஜூன் கடைசியில் பட்டமளிப்பு, கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை, அந்த நாட்களிலும் இதே கதைதான். நவம்பரில் ஒரே குறை வெளிச்சம். நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கண்ணால் பார்க்க வேண்டியதையெல்லாம் மூன்று மணிக்குள் முடித்துவிட்டு, காதால் கேட்க வேண்டியதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள். முடிந்தால் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்.

ரயில் விஷயம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வேகமான வண்டி ஏறினால் சுமார் 50 நிமிடம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். மூன்று பேராகப் போவதால் 'குரூப்சேவ்' கேட்டு வாங்குங்கள். மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து, நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆனால் போக வர மூன்று பேரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். ஒருத்தி தனியாக முன்னால் திரும்பினால் அந்த டிக்கெட் செல்லாது. 'கேம்பிரிட்ஜ்' நிலையத்தில் இறங்கு, 'கேம்பிரிட்ஜ் நார்த்' வேறு நிலையம். இறங்கியதும் ஹில்ஸ் ரோடு, ரீஜென்ட் ஸ்ட்ரீட் வழியே நேராக நடந்தால் 25 நிமிடத்தில் ஊர் நடுவுக்கு வந்துவிடலாம். சாலையைக் கடக்கும்போது காரைவிட சைக்கிளைக் கவனி, சத்தமே இல்லாமல் வரும். சக்கரப் பெட்டி எடுத்துப் போகாதே. பெரிய பைகளோடு சேப்பல்களில் விடமாட்டார்கள், வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

முதலில் கிங்ஸ் கல்லூரி சேப்பல். முன்பதிவு செய்துவிடு, பெரியவர்களுக்குக் கட்டணம் இரட்டை இலக்கப் பவுண்டில் இருக்கும். பருவ நாட்களில் பாடகர் குழுவின் ஒத்திகைக்காகப் பிற்பகலில் சீக்கிரமே பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், ஆகவே காலை நேரத்துக்கே சீட்டு எடு. ஆறாம் ஹென்றி 1441-இல் கல்லூரியைத் தொடங்கி, 1446-இல் இந்தச் சேப்பலுக்கு அடிக்கல் நாட்டினார். நடுவில் உள்நாட்டுப் போர் வந்து, அரசர் பதவி இழந்து, வேலை நின்றுபோனது. உள்ளே போகும் முன் வெளிச்சுவரைப் பார்: கீழ்ப்பகுதியில் வெளிர் வெள்ளைக் கல், மேலே மஞ்சள் கலந்த கல். வேலை நின்ற கதை அந்த நிறத்தில் இருக்கிறது. உள்ளே தலைக்கு மேலே விசிறி விரித்தாற்போல் கிளைக்கும் கல் கூரை, அந்த வகையில் உலகிலேயே பெரியது. 1512 முதல் 1515 வரை, மூன்றே ஆண்டில், ஜான் வேஸ்டெல் என்ற தலைமைக் கொத்தனார் கட்டியது. கழுத்து வலிக்கும்; சுவரோரம் உட்கார்ந்து பார்.

ஜன்னல்கள் 26. மேற்குக் கோடியில் இருப்பது மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடி, மற்றவை பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போரின்போது பழைய கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். நடுவில் நிற்கும் கருமரத் தடுப்பில் H, A எழுத்துகளைத் தேடு. எட்டாம் ஹென்றியும் ஆன் போலினும். அந்த அரசி 1536-இல் தலை வெட்டப்பட்டாள். மரவேலை அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் நடந்தது, அதனால்தான் அவள் எழுத்து அங்கே தங்கிவிட்டது. அரசன் மனம் மாறுவது வேகம், தச்சன் செதுக்கியது நிதானம்.

வெளியே வந்து எதிர்ப்பக்கம் பெனட் ஸ்ட்ரீட் முனையில் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் தங்க நிறக் கடிகாரம் இருக்கிறது. 2008-இல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்தது. மேலே ஒரு பூதாகரமான வெட்டுக்கிளி நிமிடங்களைத் தின்கிறது. நேரம் வேண்டுமென்றே தள்ளாடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் சரியாக இருக்கும், அதைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்பாதே. ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இனி டிரினிட்டி. கல்லூரியின் இணையப்பக்கத்தில் பார்வையாளர் நேரத்தை முந்தின வாரம் ஒரு முறையும் அன்று காலை ஒரு முறையும் பார். பெரிய வாசல் மூடியிருந்தாலும் வருத்தப்படாதே, தெருவிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. வாசலுக்கு மேலே எட்டாம் ஹென்றியின் சிலை, 1546-இல் இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர். செங்கோல் இருக்க வேண்டிய கையில் ஒரு நாற்காலிக் கால் இருக்கும். என்றோ மாணவர்கள் செய்த குறும்பு. கல்லூரி அப்படியே விட்டுவிட்டது. அதற்குக் கீழே மூன்றாம் எட்வர்டின் மகன்களுக்கான கேடயங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று வெறுமையாக இருக்கும், குழந்தையிலேயே இறந்த மகனுக்கானது. வாசலுக்கு வலப்பக்கம் புல்லில் ஒரு ஆப்பிள் மரம். நியூட்டன் பிறந்த வீட்டுத் தோட்டத்து மரத்தின் வழித்தோன்றல் அது, 'ஃப்ளவர் ஆஃப் கென்ட்' வகை. அது நிற்கும் இடத்துக்கு மேலே, வாசலுக்கும் சேப்பலுக்கும் நடுவில், முதல் மாடியில்தான் நியூட்டனின் அறைகள் இருந்தன. பழம் அவர் தலையில் விழுந்தது என்று கைடு யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ.

அப்படியே திரும்பித் தெருவின் எதிர்ப்பக்கம் பார். அங்கே இருப்பது ஹியூவல்ஸ் கோர்ட், அதுவும் டிரினிட்டியைச் சேர்ந்ததுதான். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து வந்த ராமானுஜன் அந்தக் கட்டடத்தில்தான் சில காலம் குடியிருந்தார். அவரோடு வேலை செய்த கணித அறிஞர் ஹார்டியைப் பார்க்கச் சில நிமிட நடை. 1916-இல் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெல்லோ; அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1919-இல் நோயோடு ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் போய்விட்டார். பிற்பாடு 1930-இல் வந்து, 1933-இல் இதே கல்லூரியின் ஃபெல்லோ ஆனவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமானுஜன் இருந்த அந்தக் கட்டடம் மாணவர் விடுதி, வெளியிலிருந்தே பார். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போ, போதும்.

உள்ளே அனுமதி கிடைத்தால் 12 மணிக்குள் பெரிய முற்றத்தில் இரு. அந்தக் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும், முதலில் கனத்த குரலில், பிறகு மெல்லிய குரலில். நண்பகலில் 24 அடி. சேப்பலின் முன்கூடத்தில் சிற்பி ரூபிலியாக் 1755-இல் செதுக்கிய நியூட்டன் சிலை. பட்டகத்தைக் கையில் பிடித்து நிற்பார்.

ரென் நூலகத்தைப் பார்வையாளருக்குத் திறப்பது நண்பகலை ஒட்டிய குறுகிய நேரம், உள்ளே விடுவதும் சில பேராகத்தான். எந்த வாசல் என்பதையும் அதே இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள். 1695-இல் முடிந்த கட்டடம். இதை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் ஒரு தந்திரம் செய்திருக்கிறார், முற்றத்திலிருந்து பார்த்தால் பிடிபடாது. வெளியே வளைவுகளுக்கு மேல் தளம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் தளம் வளைவு தொடங்கும் மட்டத்திலேயே, தாழ்வாக இருக்கிறது. அதனால் உள்ளே சுவர் உயரமாகக் கிடைத்தது. புத்தக அலமாரிகளைச் சுவரோரம் நிறுத்தி, அவற்றுக்கு மேலே பெரிய ஜன்னல்களை வைத்தார். நூலகம் முழுக்க வெளிச்சம், ஆனால் அலமாரி எதையும் மறைப்பதில்லை. நூலகத்தை மாடியில் வைத்ததற்கும் காரணம் பக்கத்திலேயே ஓடுகிறது: கேம் நதி, அதன் ஈரம்.

ராமானுஜனின் 'தொலைந்த நோட்டு' இந்த நூலகத்தில்தான் இருக்கிறது. கட்டாத தனித்தாள்கள், நூறு பக்கத்துக்கு மேல், கடைசி ஆண்டில் எழுதியவை. வாட்சன் என்ற கணித அறிஞரின் காகிதங்களோடு பெட்டியில் கிடந்ததை 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற இன்னொரு கணித அறிஞர் கண்டெடுத்தார். பேழையில் எப்போதும் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதே. காட்சிக்கு வைப்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். (அவருடைய மற்ற மூன்று நோட்டுகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.) பக்கத்து நெவில் முற்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில்தான் நியூட்டன் எதிரொலியை ஊசலோடு ஒப்பிட்டு ஒலியின் வேகத்தை அளந்தார். நீ கைதட்டிப் பார்க்காதே, மேலே ஆட்கள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கட்டணம் இல்லாத நல்ல காட்சி வேண்டுமானால் கேரட் ஹாஸ்டல் பாலம். பொதுவழி, யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு பக்கம் டிரினிட்டி பாலம், மறு பக்கம் 1640-இல் கட்டிய கிளேர் பாலம். கிளேர் பாலத்தின் கைப்பிடியில் 14 கல் உருண்டைகள். ஒன்றில் மட்டும் ஆரஞ்சுச் சுளை எடுத்தாற்போல் ஒரு துண்டு இல்லை. குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை ஆணியே இல்லாமல் நியூட்டன் கட்டினார் என்பார்கள். பாலம் 1749, அவர் 1727-இலேயே இறந்துவிட்டார்.

பன்ட் படகு (நீண்ட கழியால் தள்ளும் தட்டைப் படகு) ஆசை இருந்தால் தெருவில் சீட்டு நீட்டுபவரிடம் முதல் விலையில் வாங்காதே, படகுத்துறைக்கே போய்க் கேள். நீயே தள்ளுவதானால் பின்பக்க மேடையில் நின்று, கழியைச் செங்குத்தாக விடு. தரையைத் தொட்டதும் கைமாற்றிக் கைமாற்றித் தள்ளு, எடுக்கும் முன் ஒரு திருகு திருகு. சேற்றில் கழி சிக்கினால் விட்டுவிடு, பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள்தான் தண்ணீரில் விழுகிறார்கள். படகில் துடுப்பு ஒன்று இருக்கிறதா என்று ஏறும் முன்பே பார்.

சாயங்காலம் மறுபடி கிங்ஸ். பருவ நாட்களில் பெரும்பாலும் ஐந்தரை மணிக்கு மாலை வழிபாடு, ஈவன்சாங் என்பார்கள். கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் போகலாம். அன்று உண்டா, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு அரை மணி முன்னால் வரிசையில் நில். மற்றவர்கள் எழும்போது எழு, உட்காரும்போது உட்கார். முக்கால் மணி நேரம், நடுவில் வெளியேற முடியாது. போனை அணைத்துவிடு, படம் எடுக்காதே. காலையில் பார்த்த ஜன்னல்கள் அப்போது கறுத்திருக்கும், கூரையும் பாதி இருட்டில் இருக்கும். குரல்கள் கடைசிச் சுரத்தை விட்ட பிறகும் அந்தக் கூரை சில நொடிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே குளிரும், கோட்டைக் கழற்ற வேண்டாம்.

ஏழு மணிக்குப் பிறகு வரும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், நிலையத்துக்கு நடை 25 நிமிடம் என்பதை மறக்காதே. நாற்காலிக் காலையும் ஆப்பிள் மரத்தையும் ஒரே படத்தில் பிடிக்க முடிகிறதா பார், வந்தால் அனுப்பு.

அன்புடன்,
அப்பா